அனுமதிக்குக் காத்திருந்த தம்பி

எனக்குத் தொலைபேசியில் காத்திருப்பது பிடிக்கும். பலருக்கு அந்த இசையைக் கேட்டாலே எரிச்சல் வந்துவிடும். நான் ஒலியைக் கூட்டி மேஜையில் வைத்துவிட்டுத் துணி மடிப்பேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு பெண் நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்வாள். என்னிடம் அப்படிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் தம்பி தனக்காகப் போனில் பேசுகிற அந்த வேலையை என்னிடம் கொடுத்தான். அதோடு எனக்கு அது தெரிந்த வேலையும்கூட. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களுக்காக அந்தக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, இவருக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று விசாரித்துச் சொல்வது என் பொறுப்பு. அனுமதி எதனாலெல்லாம் தள்ளிப்போகும் என்பது எனக்கு அத்துப்படி. பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருக்கும். டாக்டர் கடிதத்தில் முத்திரை இருக்காது. கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கும். எதையும் நான் கற்பனை செய்து சொல்லவில்லை. எல்லாம் யாருக்காவது நிஜமாக நடந்தவைதான்.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் பத்து வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அவனை வளர்த்தது நான்தான். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் நல்ல மனுஷர். "உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க, நம்மோடயே இருக்கட்டும்" என்றார். அதுவும் எனக்குச் சரிப்படவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவனுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். எது இறுகிப் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குடி எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் சனிக்கிழமை, பிறகு வாரத்தில் மூன்று நாள், பிறகு கிழமைக் கணக்கே இல்லை. குடித்தால் சத்தம் போடமாட்டான், அடிக்கமாட்டான். சோபாவில் சுருண்டுகொள்வான். நான் செருப்பைக் கழற்றுவேன், முகம் துடைப்பேன், நாலு வாய் ஊட்டிவிடுவேன். காலையில் தலைகுனிந்து, "மன்னிச்சிரு அக்கா" என்பான். அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அது கஷ்டமாக இல்லை. இதை நான் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அவனாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு கட்டத்தில் விட்டே விட்டான். ஐந்து மாதம் தொடவில்லை. வீட்டில் ஒழுகிய குழாயெல்லாம் நின்றது. ஆடிய நாற்காலி ஆடவில்லை. எனக்கு முன்னால் எழுந்து எனக்கே டீ போட்டுக் கொடுத்தான். பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிற ஒரு பெண்ணோடு பழக்கமானான். நான் அவளைக் கேக்குக்காரி என்றுதான் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேக்கரிக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது, அங்கே போகலாமென்று இருக்கிறோம் என்றான்.

"உனக்கும் ஒரு ஓய்வு வேணும்ல அக்கா. இத்தனை வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்துட்ட."

மனசு நிறைந்துதான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அந்த வாரம் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது. கடை முதலாளிக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது. அவர் தொடமாட்டார், என் தலையில் கட்டிவிட்டார். அதை உள்ளே எடுத்துவைக்க மறந்து, சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது தம்பி சோபாவில் இருந்தான்.

மறந்து என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மேஜை மேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு தம்ளரும் கழுவி வைத்தேன்.

கேக்குக்காரி ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு அழுதுவிட்டுப் போனாள். வீடு பழையபடி ஆனது.

இனி நீங்கள் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஒரு புதன்கிழமை அவன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். ஏழாவது மாடியில் லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது கை நடுங்கிப் பிடி நழுவியிருக்கிறது. கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மேனேஜர் வேலையை விட்டு எடுக்கவில்லை. மருத்துவ விடுப்பு கொடுத்து, மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து குணமாகி வா, கம்பெனி காப்பீடு இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். தம்பி காப்பீட்டு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். விரல் நடுங்கியதில் அட்டை மேஜையில் தட்தட் என்று அடித்தது.

"நீதான் பேசணும் அக்கா. அவங்க கேக்குறதுக்கெல்லாம் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்கு எப்படியாவது உள்ள போயிடணும். செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

அன்றே மையத்தைக் கூப்பிட்டேன். சேர்க்கைப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல், நல்ல பொறுமை. பாலிசி எண், பிறந்த தேதி, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, எல்லாம் கேட்டாள். காப்பீட்டுக் கம்பெனியில் போதை சிகிச்சைக்கு இடம் உண்டா, எத்தனை நாள், முன்அனுமதி வேண்டுமா என்று அவளே விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். தம்பி போனில் ஒரே ஒரு வாக்கியம் பேசினான், என் சார்பில் அக்கா பேசலாம் என்று. அதைப் பதிவு செய்துகொண்டார்கள். தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தேன்.

வைக்கும்முன் அவள் சொன்னாள்: "மேடம், ஒரு முக்கியமான விஷயம். இங்க வர்ற வரைக்கும் அவரா திடீர்னு நிறுத்திடக் கூடாது. இவ்வளவு வருஷம் குடிச்சவங்க டாக்டர் இல்லாம சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற பக்கம் அதுதான். என் கையெழுத்துதான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கூப்பிட்டாள். "நல்ல செய்தி மேடம். அனுமதி வந்துடுச்சு. இருபத்தெட்டு நாளும் கவர் ஆகுது, உங்க கையிலேருந்து எதுவும் வேணாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு பெட் ரெடியா இருக்கும். மூணு செட் துணி போதும்."

ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்தேன். தம்பி குளியலறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"யாருக்கா? அவங்களா?"

"கடையிலேருந்து" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகச் சொன்னது. சாயங்காலமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அன்று நன்றாகச் சாப்பிட்டான், என் தோளில் சாய்ந்து டிவி பார்த்தான். எதற்குக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மையத்துக்குக் கூப்பிட்டு, அவன் வர மறுக்கிறான், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் என்னைத் தேற்றினாள். நிறையப் பேர் இப்படித்தான், கடைசி நேரத்தில் பின்வாங்குவார்கள், அனுமதி முப்பது நாள் செல்லும், நீங்கள் மனசு தளராதீர்கள் என்றாள். தம்பியிடம், பிறந்த தேதியில் ஏதோ குழப்பமாம், சரி செய்கிறார்களாம் என்றேன். அடுத்த வாரம் டாக்டர் கடிதம். அதற்கு அடுத்து கோப்பு. உங்கள் கையிலிருக்கிற போன் பட்டியலில் மையத்திலிருந்து எனக்கு ஆறு அழைப்பு இருக்கும். இரண்டு தடவை அவனிடமே பேசுகிறேன் என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன். அவன் கூடத்தில் பையைப் பக்கத்தில் வைத்து, முகம் மழித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். தினமும் காலையில் அப்படித்தான் உட்காருவான்.

"இன்னிக்காவது வருமா அக்கா?"

"இன்னும் வரலப்பா."

அந்த நாட்களில் அவனுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவர்களே சொல்லியிருந்தார்களே. அவன் வேண்டாம் வேண்டாம் என்றபோதுகூட அளந்து ஊற்றிக் கொடுத்தேன். ஏன் குடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, கேக்குக்காரி வந்தாள். தம்பிதான் கூப்பிட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது. அவன் மையத்தில் சேரப்போகிறான் என்று கேட்டு ஓடி வந்திருக்கிறாள், விரலிடுக்கில் கேக்கில் எழுதிய நீலச்சாயம்கூடப் போகவில்லை.

"பத்தொன்பது நாளா ஒரு பதிலும் இல்லையா? அக்கா, நான் ஒரு தடவை அந்த மையத்துக்குப் பேசிப் பாக்கட்டுமா?"

"பதிவு பண்ணின ஆளோடதான் பேசுவாங்கம்மா" என்றேன். அது உண்மை.

"அப்ப நாளைக்கு நேர்லயே போயிருவோம்."

தம்பி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அக்காவை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. எழுந்துபோய் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்துப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தான்.

"அக்காவும் பாவம், நாயா அலையுது. அனுமதி வர்றப்ப வரட்டும். நான் இன்னியோட நிறுத்துறேன். போன தடவை நானா நிறுத்தலையா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. இரண்டு பேருமே விவரம் தெரியாதவர்கள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். குறிப்பேடு என் முதுகுக்குப் பின்னால், குளிர்பெட்டி மேல் இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சொன்னால், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று அவள் கேட்பாள். அவள் விடுகிறவள் இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும், வெள்ளிக்கிழமை வந்த அழைப்பு வரை போகும். அதனால், "நல்லதுப்பா" என்றேன். நேரில் போவதையும், அவன்தான் தேறுகிறானே, வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். அவள் என் கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை காலை அவனுக்கு வியர்வை ஊற்றியது. மத்தியானம் உடம்பெல்லாம் நடுக்கம். கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஈரத்துணி வைத்தேன், ஸ்பூனால் சூப் கொடுத்தேன். மூன்று மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். "எப்படி இருக்கார் மேடம்? இன்னும் குடிச்சிட்டுத்தானே இருக்கார்? நிறுத்தலையே?" என்றாள். நிறுத்தவில்லை, நன்றாகத் தூங்குகிறான் என்றேன். பேசும்போது அவனுடைய கை என் கைக்குள் இருந்தது. சாயங்காலம் சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டிவிடு என்றான். எறும்பு இல்லை. ஆனாலும் தட்டிவிட்டேன். இல்லை என்று சொன்னால் பயப்படுவான்.

அவன் என் கையை விடவே இல்லை. தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட, "எங்க போற, போகாத" என்பான். ஒன்பது வயதில் அம்மா அப்பா போன வாரம் அப்படித்தான் இருந்தான். நடுவில் இருபத்தெட்டு வருஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கேக்குக்காரியின் பெயரை அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வலிப்பு வந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பதிவில் நேரம் இருக்கும், பாருங்கள். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர், குடியை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே கால் என்று சரியாகச் சொன்னேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை என்றார். வழியில் இன்னொரு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவன் இல்லை.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் பெயருக்கு. கேக்குக்காரி அவனுடைய கருவிப்பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தாள். தபாலை அவள்தான் வாங்கிப் பிரித்தாள். இன்ன தேதியில் வழங்கிய அனுமதி பயன்படுத்தப்படாததால் காலாவதியாகிறது என்று இருந்தது. தேதியைப் பார்த்தாள். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவன் சாகட்டும் என்று நினைத்தேனா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் நினைக்கவில்லை. அவன் நூறு வயது இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவன் பிழைத்திருந்தால் வீட்டுக்குக் கூட்டிவந்து, கஞ்சி கொடுத்து, கை கால் துடைத்துவிட்டு, அனுமதி வந்ததா என்று கேட்கும்போது, இன்னும் வரலப்பா என்றுதான் சொல்லியிருப்பேன்.