வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஓர் ஆட்சேபணை

மேடையில் வீற்றிருக்கும் சபாநாயகர் அவர்களே, என் கட்சிக் கொறடா அவர்களே, எதிர்வரிசை நண்பர்களே, லட்லோ குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் மோராக் கெடெஸின் வணக்கம்.

மறைந்த மாண்புமிகு ஆம்புரோஸ் லட்லோ அவர்களைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் அவரை என்னைவிட அதிகமாகத் திட்டியவர் எவருண்டு?

ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் மேசையில் இருக்கும் பொத்தானை அழுத்தி வாக்களிக்கிறார்கள். நமக்குப் பொத்தான் உண்டா? மேசை உண்டா? எல்லோரும் வந்துவிட்டால் உட்கார இடமாவது உண்டா? ஆனால் நமக்கு வெள்ளிக்கிழமை உண்டு. பிற்பகல் இரண்டரை மணிக்குத் தனி உறுப்பினர் மசோதாக்களின் பெயர்களை எழுத்தர் வாசிப்பார். ஒரே ஒருவர் ‘ஆட்சேபணை’ என்றால் போதும், மசோதா அன்றைக்குப் படுத்துவிடும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். இருபத்தாறு ஆண்டுகள் அந்த ஒரே ஒருவர், நம் லட்லோ! நாமெல்லாம் ஊருக்கு ரயில் பிடிக்க ஓடும்போது, அவர் மட்டும் வாயில் புதினா மிட்டாயோடு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

என் மசோதா சின்னது. மீனவர் ஒவ்வொருவரின் மிதவைச் சட்டையிலும் ஆபத்தை அறிவிக்கும் கருவி இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் தம்பி ஸ்ட்ரூவன் கடலுக்குப் போகிறவன். அவனை நினைத்துத்தான் எழுதினேன். மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று ஆட்சேபணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேநீர் அறையில் லட்லோவின் கட்சி மேசைக்கே போய் அவர்முன் நின்றேன்.

“என்ன சார், மீனவங்க செத்தா உங்களுக்குப் பரவாயில்லையா?”

“உக்காருங்கம்மா. உங்க மசோதாவ நீங்க படிச்சீங்களா?”

“நான்தானே சார் எழுதினேன்.”

“எழுதுறது வேற, படிக்கிறது வேற. உங்க தம்பி படகு எத்தனை மீட்டர்?”

“ஒம்பது.”

“கடைசிப் பக்கத்துல படகுன்னா பத்து மீட்டருக்கு மேலன்னு போட்டிருக்கீங்களே. ஏதோ பழைய சட்டத்துலேர்ந்து அப்படியே எடுத்துட்டீங்க போல. தம்பிய விட்டுட்டீங்களேம்மா.”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரே பேனாவை நீட்டினார். திருத்திய மசோதாவின் பெயரை அடுத்த வெள்ளிக்கிழமை எழுத்தர் வாசித்தபோது, அவையே லட்லோவைத் திரும்பிப் பார்த்தது. அவர் நிதானமாக இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். மசோதா தப்பியது, பிறகு சட்டமும் ஆனது.

கடந்த பிப்ரவரியில் ஸ்ட்ரூவனின் படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டையிலிருந்த கருவி சேதி சொன்னது; நாற்பது நிமிடத்தில் அவனைக் கடலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதோ, மூன்றாவது வரிசையில், கழுத்துப்பட்டை இறுக்குகிறது என்று முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். ஒரு மனிதருக்கு இதைவிட என்ன புகழுரை வேண்டும்?

இனி அந்த வேலையை யார் செய்வது? சற்றுமுன் வாசலில் நம் கொறடா என் காதில் சொன்னார்: “மோராக், வர்ற வெள்ளிக்கிழமை நம்ம ஆளோட மசோதா. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க ஊருக்குப் போய் நல்லா ஓய்வெடுங்க.”

கொறடா அவர்களே, அந்த மசோதாவைக் கடைசி வரி வரை படித்துவிட்டேன். நான் ஊருக்குப் போகப்போவதில்லை.