மாரியாயியும் மேரியும்

1953ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. இலங்கையின் ஹட்டனில், தோட்டத் தமிழர்களுக்கான குடியுரிமை விசாரணை நடந்த அலுவலகத்தின் வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவர். இளையவள் மூத்தவளின் நாத்தனார் என்பது பேச்சில் தெரிந்தது.

"நீங்க கிறிஸ்து வேதத்துல சேராம இருந்திருந்தா ஒரே ஆளா இருந்திருப்பீங்க மதினி. இப்ப ரெண்டு ஆளு. தோட்டத்துப் பேர்ப் புஸ்தகத்துல மாரியாயி, ஞானஸ்நானச் சீட்டுல மேரி."

"சிரிக்காத புள்ள. ரெண்டும் ஒரே ஆளு இல்லன்னு விசாரிக்கிற தொரை எழுதிட்டா எனக்கு இந்தியாவுக்குக் கப்பல்தான்."

"அப்ப அந்தச் சீட்டக் காட்டாதீங்க."

"காட்டாம? தோட்டத்துப் பழைய புஸ்தகத்தக் கரையான் தின்னுருச்சு. தொரை கேக்குற வருசத்துல நான் இங்க இருந்தேன்னு தேதி போட்டுச் சொல்றது இது ஒண்ணுதான்."

மூத்தவள் சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு மூத்தவளே சொன்னாள்:

"தலையில தண்ணி ஊத்துன அன்னிக்கு மனசு அம்புட்டு லேசா இருந்துச்சு. பயமே இல்ல. இப்பவும் அத நெனச்சாத்தான் பயம் தெளியுது."

"இப்ப பயப்படுறீங்களே?"

"முன்னைக்குக் கொறச்சல்தான்."

உள்ளிருந்து கிளார்க் "மாரியாயி!" என்று கூப்பிட்டார். அவள் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மதினி, நம்ம தோட்டத்து முனியாண்டி சாமிகிட்ட எந்தப் பேரச் சொல்லி வேண்டிக்கிறது?"

"மாரியாயின்னே சொல்லு, அவருக்கு அவளத்தான் தெரியும். மேரிய எங்க ஆண்டவர் பாத்துக்குவாரு."