ஆர்வியில் போகிறவர்

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெலில் இந்தியன் கடையில் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கணவரிடம், "பெட், பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கிற ஆர்வி புக் பண்ணிட்டேன். நான்தான் ஓட்டப்போறேன்" என்றார்.

"அவ்ளோ பெரிய வண்டியையா? கார்ல போய் மோட்டல்ல தங்கினா வசதிதானே?"

"உங்களுக்கு வசதி. ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு அடிக்கடி பாத்ரூம் போகணும். போன தடவை கார்ல ஒவ்வொரு வாட்டியும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்க திட்டுவீங்கன்னு தண்ணிகூட குடிக்காம கிராண்ட் கேன்யன் பார்த்தேன்."

"அதனாலதான் இந்த வருஷம் வீட்லயே இருப்போம்னேன்."

"நீங்க இருங்க. நான் வெள்ளிக்கிழமை கிளம்பறேன்."

கணவர் கூடையில் இருந்த இட்லி மாவு பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு, "அதுல ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

கணவர் வரிசையை விட்டு விலகி, இன்னொரு பாக்கெட் இட்லி மாவு எடுக்கப் போனார்.