குறுக்கே ஒரு கால்

"என் காலைத் தாண்டு லா, யாரும் பாக்கல" என்றார் பெரியவர். வரிசையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிரிக்பீல்ட்ஸில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தரும் ஒரு கிளினிக்கின் லிப்ட் வாசல் அது. கதவு திறந்ததும் அவர் மனைவியின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பெரியவர் தன் காலை அந்த அம்மாவின் செருப்புக்கு முன்னால் குறுக்கே வைத்திருந்தார்.

"கட்டுன புருஷன் காலை எப்படிங்க தாண்டுறது?"

"பிசியோ பொண்ணு என்ன சொல்லுச்சு? குறுக்கே ஏதாச்சும் இருந்தா கால் தானா எழும்பும்னு சொல்லுச்சா இல்லையா?"

"அங்க தரையில கோடு போட்டிருக்காங்க, தாண்டுறேன். இது உங்க காலு."

லிப்ட் மூடிக்கொண்டு எங்கள் யாரையும் ஏற்றாமல் போய்விட்டது.

"கிள்ளான்ல நீ ஓடி வர்ற வரைக்கும் பேக்டரி பஸ் கதவுல இதே காலைத்தான் வெச்சு நிறுத்தினேன். டிரைவர் கத்துறான். நீ என் காலை மிதிச்சுட்டு ஏறிப் போனே. ஒரு சாரி கூட இல்ல."

"அப்ப நீங்க யாரோ."

"இப்பவும் யாரோன்னு நெனச்சுக்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அடுத்த லிப்ட் திறந்தபோது அவருடைய வலது கால் எழும்பி, கணவரின் காலைத் தாண்டி, உள்ளே ஊன்றியது. பின்னாலேயே நாங்களும் ஏறினோம்.

உள்ளே, நடுங்கும் விரல்களால் கணவரின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தாண்டுனதுக்கா?"

"அன்னைக்கு மிதிச்சதுக்கும் சேத்துத்தான்."