விடிவெள்ளி லாட்ஜைக் காத்த காதோரச் சொல்

விழாவுக்குத் தலைமையேற்று, விறைத்த மீசையோடு வீற்றிருக்கும் எங்கள் லாட்ஜின் தலைவர் அவர்களே! ஆண்டுக்கு ஆண்டு இளைத்தாலும் சடங்குக்கான இடுப்பு ஏப்ரனை மட்டும் இறுக்கிக் கட்டும் மூத்த சகோதரர்களே! 'உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, இன்றைக்காவது எவனாவது உளறுவான் என்று வந்திருக்கும் தாய்மார்களே! ஃப்ரீடவுன் நகரப் பெருமக்களே! வணக்கம்.

ரகசியம் காக்கும் ஆண்கள் சங்கமான எங்கள் விடிவெள்ளி மேசானிய லாட்ஜுக்கு வயது என்ன? நூற்று முப்பது என்கிறது வாசல் கல்வெட்டு. கல்வெட்டுக்குத் தன்னடக்கம்! ஆதாம் இடுப்பில் கட்டினானே, அது இலையா? இல்லை ஐயா, எங்கள் ஏப்ரன்! நோவாவின் பேழை கரை தட்டியபோது, 'கூட்டத்துக்கு ஏன் தாமதம்?' என்று கேட்டு நின்றவர் எங்கள் செயலாளர்!

கறையான் தின்றது, கடற்காற்று அரித்தது, போர் வந்தது, பிணி வந்தது. போனவர் போக, வாசல் காவலரைத் தவிர ஏழே பேர் மிஞ்சினோம். ஏழு பேர் உள்ளே அமராமல் லாட்ஜ் திறக்காது. ஓராண்டு திறக்காவிட்டால் லாட்ஜ் நடத்தும் உரிமைப் பட்டயம் பறிபோகும். அந்த ஓராண்டின் கடைசி நாளும் வந்தது. ஆகஸ்டு மழை! என்ன மழை? அட்லாண்டிக் மீன்கள் சாலையேறி வந்து கடலுக்கு வழி கேட்ட மழை!

உள்ளே ஆறு பேர். ஏழாமவர் ஹொரேஷியோ டெக்கர், பக்கவாதத்தில் பாதி நினைவைப் பறிகொடுத்தவர். மனைவி மோதுபே குடைபிடித்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வாசலில் உருவிய வாளோடு நின்ற காவலர் ஒனிசிமஸ், மோதுபேயின் உடன்பிறந்த அண்ணன். உட்கதவு என் பொறுப்பு. காதைக் கதவில் ஒட்டியிருந்தேன். சிரிக்காதீர்கள், அது கடமை!

எங்கள் வழக்கப்படி, நுழைவுச் சொல்லை ஒருவரே முழுதாகச் சொல்லக் கூடாது. காவலர் பாதி சொல்வார். வந்தவர் மீதி சொல்ல வேண்டும்.

ஒனிசிமஸ் பாதியைச் சொன்னார்.

"மச்சான், மீதியச் சொல்லுங்க."

"மழை நல்லாப் பெய்யுது," என்றார் டெக்கர்.

மோதுபே பொங்கினார். "அண்ணே, தங்கச்சி புருஷனைத் தெரியலையா உனக்கு? எங்க கல்யாணத்துல தட்டுத் தட்டா ஜாலோஃப் சோறு தின்னியே!"

"எனக்குத் தெரியும் மோதுபே. வாளுக்குத் தெரியாதே. சத்தியம் பண்ணிட்டேன்மா."

"அப்ப அந்த வாளையே ஏழாவதா உக்கார வை!"

ஒனிசிமஸ் கெஞ்சினார். "திறந்தா சத்தியம் போச்சு. திறக்கலேன்னா லாட்ஜே போச்சு. நான் என்னதான் பண்ணுவேன்?"

அப்புறம் குடை கீழே விழும் ஓசை கேட்டது. ஒனிசிமஸ் மறுபடியும் பாதியைச் சொன்னார். டெக்கர் மீதியைச் சொன்னார்! கணீரென்று சொன்னார்! தேவாலய மணிகள் வெட்கித் தலைகுனியச் சொன்னார்!

"தங்கச்சி, அவர் காதுல என்ன சொன்ன?"

"நனைஞ்சா சளி பிடிக்கும்னு சொன்னேன். கதவத் திற!"

கதவு திறந்தது. லாட்ஜ் பிழைத்தது.

யாரது, அந்தச் சொல் என்னவென்று பின்வரிசையில் கேட்பது? சொன்னால் இன்று எனக்கு விருந்து கிடையாது. உட்காரும் ஐயா!

காலப்போக்கில் டெக்கரும் போய்ச் சேர்ந்தார். ஒனிசிமஸும் போனார். போன வாரம்தான் நான் மோதுபேயிடம் துணிந்து கேட்டேன். "அக்கா, அன்னைக்கு நிஜமா என்ன சொன்னீங்க?"

"என்னத்தடா சொல்ல? அந்த மனுஷன் கல்யாணமான நாள்லேருந்து தூக்கத்துல உளறுவாரு. உங்க சங்கதி மொத்தமும் எனக்குத் தெரியும். ஒருநாளும் வெளிய விட்டதில்ல. அன்னைக்கும் வெளிய விடல. அவரோடத அவருகிட்டயே குடுத்தேன், அவ்வளவுதான்."

அவையோரே! மார்பில் வாள்முனை பதிய, மண்டியிட்டுச் செய்த சத்தியத்தை நாங்கள் காத்தோம், மார்தட்டினோம். வாளும் இல்லாமல், வாக்கும் கொடுக்காமல், வாழ்நாளெல்லாம் ஒரு பெண் காத்தாரே, எது பெரிது? எங்கள் மரத்தூண்களைக் கறையான் தின்றது. இந்தத் தூணைத் தின்னக் கறையான் பிறந்ததா? இங்கே வாய்பொத்திச் சிரிக்கும் மற்றத் தாய்மார்களின் கணவர்களும் தூங்குகிறவர்கள்தானே? ஐயோ, எங்கள் ரகசியம் எத்தனை தலையணை கடந்ததோ! அத்தனை தலையணையும் வாய் திறக்கவில்லையே!

சகோதரர்களே, எழுந்து நில்லுங்கள். தொப்பியைக் கழற்றுங்கள். மோதுபே அக்கா, நீங்கள் எழ வேண்டாம், நாங்கள் நிற்கிறோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட என் மனைவிக்குப் பெருநன்றி. வாழ்க விடிவெள்ளி! வணக்கம்!