சுருள் இல்லாத தட்டு

— அந்த இரும்பு ஊசியைப் பெட்டியிலேயே வைங்கம்மா. இந்த இசைத்தட்டு மேல பட்டா ஏர் உழுத மாதிரிதான்.

— சித்தப்பா இதுலதான் போடணும்னு சொன்னார் சார். இந்தக் கிராமபோனையும் அவரே தேடி வாங்கிக் குடுத்தார்.

— கடையில வித்த தட்டுன்னா தாங்கும். இது வீட்டிலேயே மெஷின் வெச்சு, குரலைப் பள்ளமா வெட்டிப் பதிவு பண்ணினது. இங்க பாருங்க, உள்ளே அலுமினியம், மேல மெல்லிசா ஒரு பூச்சு. அந்த ஊசியோட கனத்துக்கு ஒரு தடவை பேசும். அப்புறம் இரைச்சல்தான்.

— "ஒரு தடவை கேட்டா போதும், காப்பி எல்லாம் எதுக்கு"ன்னார்.

— அவர் எங்க?

— கீழே வண்டியில இருக்கார். எண்பத்திரண்டு வயசு, படி ஏற மாட்டார்.

— சரி, நாம முறையா பண்ணுவோம். ஊசியைத் தாங்கற இந்தக் கை இவ்வளவு லேசா இருக்கணும், இறகு மாதிரி. ஊசி மூணு வெச்சிருக்கேன். சின்னது பள்ளத்தோட அடியில உருண்டு கரகரங்கும். இந்த முனை மழுங்கினது சுவரைப் பிடிச்சுக்கிட்டு போகும். வேகத்தையும் திருகித் திருகித்தான் கண்டுபிடிக்கணும்.

— கண்டுபிடிச்சிட்டோம்னு எப்படித் தெரியும்?

— உங்களுக்குத்தான் தெரியும். யார் குரல் இது?

— அம்மா. எனக்கு ஏழு வயசுல ஒரு நாள் காணாம போயிட்டாங்க. இந்தத் தட்டை மட்டும் வெச்சிட்டுப் போனாங்கன்னு அப்பா சொல்வார். எனக்குப் போட்டுக் காட்டினதே இல்லை. போன மாசம் அப்பா தவறினதும் அவர் பீரோவில கிடைச்சுது.

— கம்ப்யூட்டர்ல பதிவாகுது. கேளுங்க.

— இன்னும் கொஞ்சம் மெதுவா... அதான். அதான் சார், அம்மா.

— குடிக்கத் தண்ணி வேணுமா?

— வேண்டாம். "வீட்டில நான் மட்டும் இருக்கேன். என் இஷ்டப்படிதான் போறேன். யாரும் தேடாதீங்க." என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் அப்பா பூட்டி வெச்சது இதைத்தானா?

— ஒண்ணு கேக்கலாமா? வீட்டில அன்னிக்கு வேற யார் இருந்தாங்க?

— யாருமில்லை. அப்பா வேலைக்கு, நான் பள்ளிக்கூடம், சித்தப்பா வெளியூர். ஏன்?

— வெட்டும்போது பூச்சு நூல் மாதிரி சுருண்டு வரும். அதை விடாம பிரஷால தள்ளணும். விட்டா ஊசியில சிக்கிக்கிட்டு பள்ளம் பாழாகும். தனியா வெட்டறவங்க நடுவிலேர்ந்து வெளியே வெட்டுவாங்க, சுருள் தானாவே உள்ளே ஒதுங்கிடும். இது விளிம்புல ஆரம்பிக்குது. கடைசி வரைக்கும் ஒரு இடத்துல கூட சிக்கலை.

— அம்மாவே பிரஷ் பிடிச்சிருக்கலாமே?

— மெஷின் பக்கத்துல பேசினா மோட்டார் சத்தம் ஏறிடும். மைக் ஆறடி தள்ளி இருக்கணும். அப்படித்தான் இருந்திருக்கு, குரல்லயே தெரியுது. அவ்வளவு நீளக் கை யாருக்கு இருக்கு?

— அப்போ "நான் மட்டும்"னு சொன்னது?

— சொன்னாங்க. சொல்லும்போது ஒருத்தர் மெஷின் பக்கத்துல நின்னு பிரஷ் போட்டுக்கிட்டு இருந்தார். கைப்பழக்கம் உள்ளவர். உங்க வீட்டில அந்த வேலை யார் செய்வாங்க?

— அப்பா பாடுவார். வேற யாரையும் மெஷின்கிட்ட விடாம பிரஷ் போடறது...

— சொல்லுங்கம்மா.

— சார், படியில கைத்தடிச் சத்தம் கேக்குதா?

— கேக்குது. படி ஏற மாட்டார்னீங்களே?

— தட்டை எங்கேயாவது ஒளிச்சு வைங்க சார். பிரஷ் பிடிச்சவர் வர்றார்.