ஒரே ஒரு அடி

மூட்டைக்குப் போடுகிற முடிச்சு எளிதானதுதான், ஐயா. சந்தைக்குச் சுமை தூக்க வருகிற எவனும் முதல் வாரத்திலேயே பழகிவிடுவான். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே கொடுத்துவிட்டால் போதும். பாரம் இழுக்க இழுக்க அது இறுகும். அவிழ்க்க வேண்டுமென்றால், பாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கயிற்றுக்கு மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். அப்புறம் நுனியை இழுத்தால் பூப்போலக் கழன்றுவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், திடலின் பின்வாசலைப் பூட்டினார் என்று அந்தக் காவலாளியைச் சிறையில் வைத்திருக்கிறீர்கள். அன்று அந்தக் கதவில் பூட்டே கிடையாது. கயிறுதான் இருந்தது. கட்டியவன் நான்.

பழைய ஆட்சியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ள நிவாரண மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கியவர்கள் நாங்கள். மேலே ஒரு கை மாவு, கீழே முழுக்க மண். வரிசையில் நின்று அதை வாங்கி வந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. பிரித்துப் பார்த்துவிட்டு, "மண்ணைத் தின்னுன்னு வாயால திட்டுனா பத்தாதா, மூட்டை கட்டி வேற அனுப்பணுமா?" என்று சிரித்தாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆகவே ஊரே திரண்டு அரசு மாளிகைக்கு முன்னால் இருக்கிற திடலில் உட்கார்ந்தபோது, சந்தைக்காரர்கள் நாங்களும் வேலையைப் போட்டுவிட்டுப் போனோம்.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, என்னோடு சுமை தூக்குகிறவன். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். திடலில் கட்டியிருந்த பெரிய துணியைக் காட்டி, "படிங்க மாமா, பாப்போம்" என்றான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு அடியும் பின்வாங்க மாட்டோம்.

"பாஸாயிட்டீங்க. இனிமே கட்டவிரலுக்கு லீவு குடுத்துடுங்க."

தலை நரைத்தபின் முதன்முதலாக முழுசாகப் படித்த வரி அது. அதை நம்பாமல் எப்படி இருப்பது?

பின்வாசல் எங்கள் பொறுப்பு. சந்தைச் சந்து வழியாகத்தான் தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போகும். அங்கிருந்த காவலாளி முதல் நாளே பூட்டைக் கழற்றிக்கொண்டு, "நீங்களே பாத்துக்குங்கப்பா, எனக்கு முட்டி வலி" என்று வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்.

அந்த நாள் காலையிலிருந்தே மழை. பேச்சுவார்த்தைக்குக் குழு போடுகிறோம் என்று அரசு அறிவித்தது. மதியத்துக்குமேல் சனம் எழுந்திருக்க ஆரம்பித்தது. பாயைச் சுருட்டித் தலையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நனைந்தவன் வீட்டை நினைப்பது இயற்கை. ஆனால் பொழுது சாய்வதற்குள் திடல் காலியாகிவிட்டால், அந்த மாளிகைக்காரர்கள் இன்னும் ஒரு தலைமுறைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடையலாமா? கூட இருந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் சந்துப் பக்கம் வந்து, இரும்புக் கதவின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூட்டைக் கயிற்றால் கட்டினேன்.

ஒரு பெண் குழந்தையோடு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "கதவத் தெறங்கண்ணே. புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது."

"சாவி எங்கிட்ட இல்லம்மா. முன்பக்கமாப் போங்க" என்றேன். சாவி என்னிடம் இல்லை என்பது உண்மைதான்.

முன்பக்கம் போலீஸ் நின்றது. சற்று நேரத்தில் அங்கிருந்து புகைக்குண்டுகள் விழுந்தன. கூட்டம் முழுவதும் திரும்பிப் பின்வாசலுக்கு ஓடி வந்தது. அது சந்துப் பக்கமாகத் திறக்கிற கதவு. அவர்கள் தள்ளத் தள்ளக் கயிறு இறுகியது.

கம்பியோரத்தில் என் மச்சினன் இருந்தான். அந்தப் பெண்ணின் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கி, கதவுக்கு மேலாக என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அவன் கயிற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா, இது நம்ம முடிச்சு."

அவன் தலையைத் திருப்பிக் கத்தினான். "பின்னால போங்க. ஒரே ஒரு அடி. கயிறு தளரட்டும், தெறந்துடலாம்." பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்களால் அசைய முடியவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் யாரோ, ஒரு அடியும் பின்வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"மாமா, கத்தி" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

நெருக்கம் ஓய்ந்தபோது கயிறு தானாகத் தளர்ந்தது. நுனியை இழுத்தேன். பூப்போலக் கழன்றது. சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினேன். தூக்குகிற வேலைதானே எனக்குத் தெரியும். குழந்தையின் தாயையும் என் மச்சினனையும் அடுத்தடுத்துக் கிடத்தினோம்.

பூட்டிய கதவு என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். அந்த வாரமே ஆட்சி விழுந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அந்தக் கதவால் வந்ததுதான், ஐயா. குத்திக் காட்டவில்லை. பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்?

என் மனைவி இன்னமும் தம்பிக்கும் சேர்த்தே தட்டு வைக்கிறாள். வைத்துவிட்டு எடுக்கிறாள். "அந்தப் பாவிங்க போனாங்க, என் தம்பியும் போனான். சிரிக்கறதா அழறதான்னு தெரியலையே" என்றாள் ஒருநாள். அப்போதே சொல்லியிருப்பேன். அவள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள், அதனால் சொல்லவில்லை.

காவலாளி அந்த முட்டியோடு கல்தரையில் படுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். மற்றபடி எனக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை.

கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். கயிறு அறுக்கிற கத்தி இல்லாமல் எங்களில் யாரும் வெளியே கிளம்புவதில்லை. கையில் குழந்தை இருந்ததால் எடுக்க முடியவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் குழந்தையை வாங்கிய உடனேயே பக்கத்துக் கடைப் படியில் உட்கார வைத்துவிட்டேன். பிறகு கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். கத்தி இடுப்பில் இருந்தது. இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளட்டும், ஊருக்கே விடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.